இருபத்தேழாம் கட்டம்

அத்தியாயம் 14

போன வாரம் யோலண்டாவைத் திட்டிக் கடிதம் போட்ட வாசகர்கள் இந்த வாரம் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கும். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூடப் பிறந்த ரெனீட்டாவே ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்!

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெனீட்டா காஸ்கின்ஸுக்கு முப்பத்து மூன்று வயது. அமெரிக்க ராணுவத்தில் ஐந்து வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவள். புருஷன் இல்லை, மகள் உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் சிப்பாய் அங்கே ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினால் என் பிள்ளையை இன்னார் பார்த்துக்கொள்வார் என்று. ரெனீட்டா தன் அக்கா யோலண்டாவின் பெயரை எழுதியிருந்தாள். படை கிளம்ப மூன்று வாரம் இருக்கையில் அவளைக் கூப்பிட்டு, "பிள்ளையைப் பாத்துக்கறேன்னவங்க மாட்டேன்னுட்டாங்க" என்று சொல்லி, மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மரியாதையான விடுவிப்புதான். ஆனால் விடுவிப்புக் காகிதத்தில் இருபத்தேழாம் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. இந்த ஆளை மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா என்பதை அதில் ஒற்றை எண்ணாகப் போடுவார்கள். ஒன்று என்றால் வரலாம். மூன்று என்றால் கெஞ்சிக் கேட்டுப் பார்க்கலாம். நாலு என்றால் இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. ரெனீட்டாவுக்கு நாலு போட்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் போடு, ஆறு மாசத்துல அது தானா மாறிடும்" என்றான் அங்கே இருந்த குமாஸ்தா. முகாமில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதை நம்பினார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எந்தச் சிப்பாய் காகிதத்தைப் படித்திருக்கிறான்? ஆறு மாதமும் ஒரு நாளும் காத்திருந்து, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனாள் ரெனீட்டா. அங்கே இருந்தவன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

அந்த நாலை மாற்றத்தான் இத்தனை மாதமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அவளுடைய பழைய கோப்பு முழுவதும் கொழுத்த உறையில் வந்தது. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. 'சிப்பாயின் தந்தை, ஓய்வுபெற்ற ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் லூஷியஸ் காஸ்கின்ஸ், தொலைபேசியில் அழைத்தார். மூத்த மகளால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயலாது என்று தெரிவித்தார்.'

அங்கேதான் நிறுத்தியிருந்தோம். இன்று வியாழக்கிழமை. பத்து மணிக்கு அந்த மனுவின் மேல் ராணுவ அதிகாரிகள் முன் விசாரணை.

*

காலை ஆறரைக்கே முகாமில் பீரங்கிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. முகாமை ஒட்டிய ஹைன்ஸ்வில் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலை தூக்குவதில்லை.

லூஷியஸ் காஸ்கின்ஸ் அடுப்பில் கிரிட்ஸ் என்கிற சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயது. இருபத்தாறு வருஷ ராணுவம். கம்பெனி என்கிற படைப்பிரிவுக்குக் கேப்டன்கள் வருவார்கள், போவார்கள். அதை நடத்துவது ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்தான். இப்போது அவர் நடத்துவதற்கு மிஞ்சியிருப்பது இந்தச் சமையலறை மட்டும்தான். அதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"உக்காரு. ஆறிடும்."

"பசிக்கலப்பா."

"பத்து மணிக்குக் கர்னலுங்க முன்னாடி உன் வயிறு பேசும். சாப்பிடு."

ரெனீட்டா உட்காரவில்லை. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை மிளகாய்ச் சாறு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"ஃபாரம் ஒழுங்கா நிரப்பலை. தேதி போட்ட இடம் தப்பு. எங்கிட்ட வந்திருந்தா மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன்."

"அப்பா!"

"இருக்கறதைச் சொன்னேன்."

"நீங்க போன் பண்ணீங்களா?"

"போட்டிருக்குல்ல."

"உங்க வாயால கேக்கணும்."

கரண்டியைக் கீழே வைத்தார். "நீ உசிரோட இருக்க. என் பேத்தி மாடியில பல்லு விளக்கறா. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது. ஒன்பது வருஷம் யோலண்டா மூஞ்சில நான் முழிக்கலை. உங்க மேல வர வேண்டிய கோவத்தையெல்லாம் அவ சுமந்தா. நீங்க பக்கத்துல நின்னு கஞ்சி கிண்டிட்டிருந்தீங்க."

"அது உங்க ரெண்டு பேர் சண்டை."

"நீங்க மூட்டி விட்ட சண்டை!"

அவர் குரல் இறங்கியது. குரல் இறங்கினால்தான் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அந்தக் கடற்படைக்காரன் சொல்லிக்கொடுத்தானா? படகுல உக்காந்து சீட்டாடினவன் என் பொண்ணு கேஸை நடத்தறான். என்னைச் சாட்சிக்கு இழுத்துட்டு வான்னானா?"

"நான் கெஞ்ச மாட்டேன்ப்பா. ஒரு நாற்காலி போட்டு வைப்போம். வந்தா உக்காருங்க. வரலைன்னா காலியா கெடக்கட்டும். கேஸ் நடக்கும்."

"என் பேரை அஞ்சு ஆபீசர் முன்னாடி சந்தி சிரிக்க வைப்ப."

"உங்க பேரு ஏற்கெனவே பேப்பர்ல இருக்கு. நான் ஒண்ணும் புதுசா எழுதலை."

மாடிப்படியில் தடதடவென்று ஜாரியா இறங்கி வந்தாள். பதினோரு வயது. தாத்தா முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அம்மாவின் பங்கு பிஸ்கட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். "ஆல் த பெஸ்ட், சார்ஜென்ட்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

பள்ளிக்கூடப் பஸ்கள் நிற்கும் கொட்டகையில் அறுபத்தொன்றாம் எண் வண்டிதான் யோலண்டா ஓட்டுவது. எட்டேகாலுக்கு அவள் வண்டியை நிறுத்தியபோது, கதவுக்கு வெளியே கோட்டும் கால்சட்டையுமாகத் தங்கை நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன, வழி தப்பி வந்துட்டியா?"

"உங்கிட்ட ஒண்ணு காட்டணும்."

"இரு. முதல்ல எந்தப் பிள்ளையாவது சீட்ல தூங்குதான்னு பாக்கணும். சட்டம். உன் பஞ்சாயத்து அதுக்கப்புறம்."

பின்னால் வரை நடந்தாள். ஒவ்வொரு இருக்கைக்கும் குனிந்தாள். நல்ல தாட்டியான உடம்பு, குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. கையில் ஒரு ஒற்றைச் செருப்பும் பாதி தின்ற வாஃபிளும் சேர்ந்தன. ரெனீட்டா அவள் பின்னாலேயே நடந்து, கடைசி இருக்கை வந்ததும் காகிதத்தை நீட்டினாள்.

யோலண்டா நின்றபடியே படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா" என்றாள். கேள்வியாக இல்லை.

"ம்."

"நான் விலகலைன்னு அன்னிக்கே சொன்னேன். சித்தி வீட்டு வான்கோழி விருந்துல, அத்தனை பேர் முன்னாடி. நீ என்ன சொன்ன?"

"வேணாம், யோ."

"நீ சொன்னதுதானே? நீயே சொல்லு."

"பொய்யின்னு சொன்னேன்."

"அதோட நிறுத்தலையே!"

ரெனீட்டா கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சொந்தமா ஒண்ணு பெத்துக்க வக்கில்லாதவ, என் பிள்ளையை எங்க பாக்கப் போறான்னு சொன்னேன்."

அதை இப்போது, வெறும் பஸ்ஸில், காலை வெயிலில் கேட்கையில் அவளுக்கே உடம்பு கூசியது. கூச வேண்டியதுதான். சில வார்த்தைகளுக்கு வயசானாலும் பல்லு விழுவதில்லை.

யோலண்டா பின் கண்ணாடியில் 'வண்டி காலி' பலகையை மாட்டினாள். மாட்டிய பிறகும் அதை நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

"மஞ்சக் கலர்ல குட்டிக் கட்டில் வாங்கினேன், நீட்டா. ஜாரியாவுக்கு. மூணு வருஷம் அட்டைப் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்ல. அப்புறம் சர்ச்சுல யாருக்கோ கொடுத்துட்டேன்."

"மன்னிச்சிடு."

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற மாதிரிதான் வந்தது அந்த வார்த்தை. ஆனால் வந்துவிட்டது.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாம். ஒன்பது வருஷம் திட்டு வாங்கியிருக்கேன், உடனே மன்னிக்க நான் என்ன மாதா கோயில் சிலையா? ஆனா என் பேரைப் போட்டுப் பொய் எழுதினவனைச் சும்மா விடறதா இல்ல. எத்தனை மணிக்கு?"

"பத்து."

"இந்தச் சட்டையோடதான் வருவேன். வாஃபிள் கறை இருக்கு. கர்னலுக்குப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்கட்டும்."

*

மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்தின் பின்னறையில் ஹோலிஸ் பிரிட்ஜர் கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ரெனீட்டாவின் மனுவை நடத்துபவர் இவர்தான். கடற்படையில் எழுத்தராக இருந்தவர். காகிதம் என்றால் அவருக்குக் கறிவிருந்து. ரெனீட்டாவின் இடப்பக்கம் யோலண்டாவுக்கு ஒரு நாற்காலி. வலப்பக்கம் இன்னொன்று, காலியாக.

"மறுபடி ஒருதடவை சொல்றேன்" என்றார் ஹோலிஸ். "ரெண்டே விஷயம்தான் அவங்க காதுல விழும். தப்பு நடந்துச்சா? அநியாயம் நடந்துச்சா? நீ இப்ப நல்லா இருக்க, திரும்பி வர ஆசைப்படற, அதுக்காகவெல்லாம் எண்ணை மாத்த மாட்டாங்க. அழுதாலும் மாத்த மாட்டாங்க."

"நான் எதுக்கு அழறேன்?"

"அதுக்கில்லம்மா. பொதுவா சொன்னேன்."

பத்து மணிக்குத் திரையில் ஐந்து அதிகாரிகள் தோன்றினார்கள். நடுவில் கர்னல் ட்ரெஸ்லர், நரைத்த குட்டை முடி வைத்த அம்மாள். சத்தியப் பிரமாணம் வாங்கினார்கள்.

யோலண்டாதான் முதலில் பேசினாள். சுருக்கமாகப் பேசினாள்.

"நான் விலகவே இல்லைங்க. விலகறியான்னு யாரும் கேக்கவும் இல்ல. அந்தப் பத்திரத்துல என் போன் நம்பர் ரெண்டு இடத்துல இருக்கு. ஒரு இடத்துக்காவது போட்டுப் பாத்திருக்கலாம்."

வலது ஓரத்தில் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். "உங்களால முடியாதுன்னு உங்க அப்பா சொன்னதா இருக்கே?"

"அப்பாவுக்கு எம்மேல நம்பிக்கை இல்லாம இருக்கலாம் சார். அதுக்குப் பேரு நான் விலகினது இல்ல."

ஹோலிஸ் மேஜைக்கடியில் கட்டை விரலை உயர்த்தினார். ஆனால் அந்த அதிகாரி விடுவதாக இல்லை.

"புரியுது. ஆனா சொந்த அப்பாவே போன் பண்ணிச் சொல்றார். அவரும் ஃபர்ஸ்ட் சார்ஜென்டா இருந்தவர். அதை நம்பி அவங்க நடவடிக்கை எடுத்திருக்காங்க. கம்பெனி மேல தப்பு எங்கே?"

ஹோலிஸின் கட்டை விரல் இறங்கிவிட்டது. ஓட்டை இருந்த இடம் அதுதான். வேறு ஆள் ஏற்பாடு செய்ய ஒரு மாத அவகாசம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்று விதியை எடுத்துச் சொன்னார். படை கிளம்பும் அவசரம் என்று அதிகாரி சொன்னார். ஹோலிஸ் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். ஆனால் திரையில் இரண்டு பேர் ஏற்கெனவே பேனாவை மூடிவிட்டதை ரெனீட்டா பார்த்தாள்.

அவளுக்குள் பழைய கோபம் திகுதிகுவென்று ஏறியது. அப்பா உயிரோடு, நாலு மைல் தள்ளி, பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். இங்கே அவர் பெயரைச் சொல்லியே அவள் வழியை அடைக்கிறார்கள். நாற்காலி காலியாகக் கிடக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது இவ்வளவு எரியும் என்று நினைக்கவில்லை.

கதவு திறந்தது.

லூஷியஸ் காஸ்கின்ஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. காலி நாற்காலியின் முன்னால் போய், திரையைப் பார்த்து விறைப்பாக நின்றார். ஆறடி இரண்டு அங்குலம். கேமராவுக்கு அவருடைய டையும் பெல்ட்டும்தான் எட்டின.

"யாருங்க அது?" என்றார் கர்னல் ட்ரெஸ்லர்.

"ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் லூஷியஸ் காஸ்கின்ஸ், ஓய்வு, மேடம்!" என்றது டை.

"உக்காருங்கய்யா" என்று ஹோலிஸ் கிசுகிசுத்தார்.

"கர்னல் சொல்லாம நான் உக்காந்ததில்ல, படகுக்காரரே."

கர்னல் ட்ரெஸ்லரின் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. "உக்காருங்க, ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்."

உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கிப் பிரமாணம் சொன்னார். கோப்பின் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினார்கள்.

"இதுல சொல்லியிருக்கற மாதிரி நீங்க கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"இல்ல மேடம்."

ரெனீட்டா திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார்? பிரமாணம் எடுத்துக்கொண்டா?

"நான் கூப்பிடலை. அங்க இருந்த ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்தான் எனக்குக் கூப்பிட்டான். ஒரு காலத்துல எனக்குக் கீழ வேலை பாத்தவன். 'உங்க பொண்ணு மூணு லாரியை ஓட்டத் தகுதியில்லன்னு எழுதி நிறுத்தி வெச்சிருக்கா, கையெழுத்துப் போட மாட்டேங்கறா, கிளம்பற நேரத்துல எனக்குப் பெரிய தலைவலி'ன்னான். 'பிள்ளையைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிடறேன். நீங்களே கூப்பிட்டுச் சொன்னதா எழுதிக்கட்டுமா?'ன்னு கேட்டான். எழுதிக்கோன்னேன்."

யோலண்டா தன் சட்டைக் கறையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எதுக்காகச் சம்மதிச்சீங்க?"

"அந்த வருஷம் மார்ச்சுல என் மனைவியைப் புதைச்சேன் மேடம். இன்னொரு சவப்பெட்டிக்கு முன்னாடி நிக்க எனக்குத் தெம்பு இல்ல. ஒருத்தன் என் பொண்ணைத் திருப்பித் தரேன்னான். வாங்கிக்கிட்டேன்."

"பொய்யான பதிவுக்கு உடந்தையா இருந்தேன்னு சொல்றீங்க. புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஒன்பது வருஷமாப் புரிஞ்சுதான் இருக்கு மேடம்."

வலது ஓர அதிகாரி முன்னால் சாய்ந்தார். "அப்ப இத்தனை வருஷம் விட்டுட்டு இன்னிக்கு ஏன் சொல்றீங்க?"

"இன்னிக்குக் காலைல என் பொண்ணு எங்கிட்டக் கெஞ்சல சார். கெஞ்சியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"மறுபடி அதே மாதிரி போன் வந்தா?"

பெரியவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மறுபடியும் அவளை வீட்டுக்கு அனுப்புன்னுதான் சொல்வேன். ஆனா நான்தான் சொன்னேன்னு எழுதிக்கச் சொல்வேன். பெரியவ பேரை இழுக்க விடமாட்டேன். அது நான் செஞ்ச கேவலம்."

யோலண்டா அவரைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள்.

ரெனீட்டாவுக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்களா? கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த நாற்காலியைத் தூக்கி அவர் தலையிலேயே போடத் தோன்றியது. பிள்ளையால் அனுப்பினார்கள் என்று ஒன்பது வருஷம் நம்பியிருக்கிறாள். ஜாரியா தூங்குகிற முகத்தைப் பார்த்து, இவள் மட்டும் இல்லாவிட்டால் என்று ஒருதரம், ஒரே ஒருதரம் நினைத்தும் இருக்கிறாள். அப்படி நினைத்ததற்காக எத்தனை ஞாயிறு மண்டியிட்டிருக்கிறாள்! கடைசியில் காரணம் பிள்ளையே இல்லை. மூன்று ஓட்டை லாரி.

"மிஸ் காஸ்கின்ஸ், கடைசியா எதாவது சொல்லணுமா?" என்றார் கர்னல்.

ஹோலிஸ் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் அவள் முன்னால் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேலை இல்லாம இங்க வரலை மேடம். லாரி டயர் கடையில நான்தான் மேஸ்திரி. எனக்குக் கீழ ஆறு பேர் இருக்காங்க. அந்த மூணு லாரியில ஒண்ணுக்குப் பிரேக் குழாய் ஒழுகிச்சு. இன்னொண்ணுக்கு ஸ்டியரிங் ஆடிச்சு. மூணாவதைப் பத்திச் சொன்னா நீங்களே ஏற மாட்டீங்க. அன்னிக்கும் நிறுத்தினேன், நாளைக்கும் நிறுத்துவேன். அதுக்குத்தான் நாலுன்னா, அந்த நாலை என் நெத்தியில ஒட்டிக்கிட்டுச் சுத்துவேன், எனக்கு வெக்கமில்ல. ஆனா நீங்க அதுக்குப் பிள்ளையைக் காரணம் காட்டி எழுதியிருக்கீங்க. என் மக பேர்ல எழுதின பொய்யி அது. அதை எடுங்க. எங்க சார்ஜென்ட் எனக்காக முடிவு பண்ணினார், எங்க அப்பா முடிவு பண்ணினார். கதவை மட்டும் தொறந்து வைங்க. போறதா வேண்டாமான்னு இந்தத் தடவை நான் முடிவு பண்ணிக்கறேன்."

மூடி வைத்த பேனாக்கள் இரண்டும் திறந்திருந்தன.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் கர்னல் ட்ரெஸ்லர். "நாங்க மாத்தினோம்னு வெச்சுக்குவோம். நீங்க மறுபடி அந்தப் பத்திரம் எழுதணும். யார் பேரை எழுதுவீங்க?"

"எங்க அக்கா பேரை."

"கேட்டா பாத்துப்பேன்" என்றாள் யோலண்டா, யாரும் கேட்காமலே. "இன்னும் கேக்கலை. இந்த வீட்ல யாரும் யாரையும் எதையும் கேக்கறதில்லைங்க மேடம், அதான் வியாதி."

ஐந்து பேரில் ஒருவர் சிரித்தே விட்டார். கர்னல் சிரிக்கவில்லை.

"உங்க மகளுக்கு இப்ப பதினொரு வயசு. அவ என்ன சொல்றா?"

ரெனீட்டா வாயைத் திறந்தாள். பிரமாணம் எடுத்திருக்கிறாள். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், திரைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அவகிட்ட நான் கேக்கலை மேடம்."

ஹோலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். கர்னல் எதையோ குறித்துக்கொண்டார். ஆறு வாரத்தில் முடிவு கடிதமாக வரும் என்று சொன்னார். திரை அணைந்தது.

*

வெளியே, கார் நிறுத்துமிடத்தில் வெயில் பொசுக்கியது. மூன்று பேரும் மூன்று காருக்கு நடுவில் நின்றார்கள்.

"அப்பா" என்றாள் ரெனீட்டா. "நீங்க வந்தது கேஸுக்கு நல்லது. உங்களுக்கும் எனக்கும் நடுவுல அது ஒண்ணையும் சரி பண்ணலை."

"தெரியும். பண்ணும்னு வரலை."

"அந்த ஆளு பேரு என்ன? போன் பண்ணினவன்?"

"கடிதம் வரட்டும், சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

"உன் கையில ஸ்பேனரைக் கொடுத்துட்டு வழியும் சொல்லச் சொல்றியா? மாட்டேன்."

யோலண்டா தன் கார்க் கதவைத் திறந்தாள். "சாயங்காலம் நான் வீட்டுக்கு வரேன், அப்பா. கெளுத்தி மீன் பொரிச்சு வைங்க. ஒன்பது வருஷத்துக்கும் சேத்துப் பொரிங்க. பேசறது சாப்பிட்டப்புறம். நிறையப் பேச வேண்டியிருக்கு, நீங்க உக்காந்து கேக்கப் போறீங்க, எந்தக் கர்னலும் சொல்ல வேண்டியதில்ல."

பெரியவர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுக் கார்ச் சாவியை மூன்று பாக்கெட்டிலும் தேடினார். அது கையிலேயே இருந்தது.

*

பதினொன்றரைக்கு ரெனீட்டா பள்ளிக்கூட அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மகளை வெளியே கூப்பிட்டாள். ஜாரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகம் வெளிறி வந்தாள்.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. கார்ல வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். ரெனீட்டா காரைக் கிளப்பவில்லை. காலையில் நடந்ததை எல்லாம் சொன்னாள். லாரி, போன், தாத்தா, பெரியம்மா, எதையும் விடவில்லை. பதினோரு வயசுக்குச் சொல்லக்கூடாதது என்று பார்த்தால் அதில் பாதி சொல்லக்கூடாததுதான். ஆனால் மறைத்து மறைத்துத்தான் அந்தக் குடும்பம் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

"அப்ப என்னால இல்லையா?" என்றாள் ஜாரியா.

இதை மனசில் வைத்துக்கொண்டா இவள் இத்தனை நாள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்?

"உன்னால இல்லடி. ஒரு நாளும் இல்ல."

ஜாரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெனீட்டா அவளைத் தொடவில்லை. தொட்டால் இரண்டு பேருக்குமே அழுகை வந்துவிடும்.

"இப்ப உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். முன்னாடியே கேட்டிருக்கணும். அவங்க எண்ணை மாத்தினா நான் திரும்பச் சேரலாம். சேந்தா, சில சமயம் ஒரு வருஷம்கூட நான் வீட்ல இருக்க மாட்டேன். நீ பெரியம்மாகிட்ட இருக்கணும். நீ என்ன சொல்ற?"

"நெஜமாவே கேக்கறியா? இல்ல, கேட்டேன்னு அவங்ககிட்டச் சொல்றதுக்காகக் கேக்கறியா?"

காஸ்கின்ஸ் வீட்டுப் பிள்ளை. கேள்வி கேட்கத் தெரியாமல் போகுமா?

"நெஜமா."

"நான் வேணாம்னு சொன்னா?"

ரெனீட்டா ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டாள். ஒன்பது வருஷம் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள். கதவு திறந்தால் போதும் என்றிருந்தவள். முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ வேணாம்னா, போக மாட்டேன்" என்றாள் கடைசியில். சொல்லும்போது வலித்தது. வலித்தாலும் சொல்லிவிட்டாள்.

ஜாரியா அவள் முகத்தையே பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"அந்த அஞ்சு பேரு எப்ப முடிவு சொல்வாங்க?"

"ஆறு வாரம்."

"சரி. எனக்கும் ஆறு வாரம் வேணும்."

"ஜாரியா..."

"அவங்களுக்கு மட்டும் கொடுப்ப, எனக்குக் கொடுக்க மாட்டியா?"

ரெனீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினாள், பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"இந்த பீரியட் கணக்கு டெஸ்ட். நீ கூப்பிட்டதால பாதி போயிருக்கும்." கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து உள்ளே பார்த்தாள். "முடிவைக் கடிதத்துலதான் சொல்வேன். நடுவுல வந்து கேக்கக் கூடாது. தாத்தாவை விட்டும் கேக்க வைக்கக் கூடாது."

முதுகை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூட வாசலைப் பார்த்து நடந்தாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரெனீட்டா காரைக் கிளப்பி வேலைக்குப் போனாள்.